திரையின் ஓரத்தில் ஒரு காது

ஜனவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

போனில் பேசினால் நீ வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான், ஆனால் கிழிப்பதற்கு முன் யாரும் நாலு வரியாவது படித்துவிடுவார்கள். வகுப்பில் பையன்களிடமிருந்து பிடுங்கிய துண்டுச்சீட்டுகளை நான் அப்படித்தான் படித்திருக்கிறேன். அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

ஏப்ரலோடு இந்த வீட்டைக் காலி செய்கிறோம். மாடிப்படி உன் அண்ணியின் முழங்காலுக்கு ஒத்துவரவில்லை. தரைத்தளத்தில் இரண்டு அறையோடு ஒரு வீடு கிடைத்திருக்கிறது. இங்கே எல்லாவற்றையும் கட்ட ஆரம்பித்துவிட்டோம், அப்பாவின் அறையைத் தவிர. கட்டில், அலமாரி, ஜன்னலோரம் அவர் போட்டுக்கொண்டிருந்த நாற்காலி, எதையும் யாரும் தொடவில்லை. நான் ஒருவனாகவே ஒழித்துவிடலாம். ஆனால் அதை ஒழிக்கும்போது அவருடைய இரண்டு பிள்ளைகளும் இருப்பதுதான் முறை என்று படுகிறது. நீ வர வேண்டும்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு கேள்விதான்: அன்று ஏன் வைத்தாய்?

தொற்று வார்டில் கண்ணாடித் தடுப்பு வரை ஒருவரைத்தான் விட்டார்கள். நான் நின்றேன். சிஸ்டர் சக்கர ஸ்டாண்டில் வீடியோ அழைப்புத் திரையைத் தள்ளிக்கொண்டு வந்து அப்பாவுக்கு நேரே நிறுத்தினார். எனக்குத் திரையின் முதுகும், ஆக்ஸிஜன் மாஸ்க்குக்கு மேலே அப்பாவின் கண்களும்தான் தெரிந்தன. நீ வந்ததும் அந்தக் கண்கள் அகலமாயின. அதை நான் பார்த்தேன். பிறகு கையைத் தூக்கி ஆட்டினார். நீ வைத்துவிட்டாய். நீ வைத்த பிறகும் அவர் கை நிற்கவில்லை. வெறும் திரையைப் பார்த்து ஆட்டிக்கொண்டே இருந்தார். சிஸ்டர்தான் அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தார். மறுநாள் அவர் இல்லை.

அத்தனை வருஷம் கழித்து அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்க்கட்டும் என்று யார் யாரிடமோ கெஞ்சி வாங்கிய அழைப்பு அது. அவர் விரட்டியே இருந்தாலும் பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கக் கூடாதா?

உன் அண்ணன்


ஜனவரி 21

அண்ணாவுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை.

போகச் சொன்னார், போனேன். பதில் அவ்வளவுதான். நீ கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாய். நான் நேருக்கு நேர் பார்த்தேன். என் மேஜைத் திரை முழுக்க அவர்தான் இருந்தார். நன்றாகத் தெரியட்டும் என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோய், "அப்பா, நான்தான்" என்றேன். கையைத் தூக்கிப் பக்கவாட்டில் வீசினார். மறுபடியும் வீசினார். மாஸ்க் போட்ட மனுஷர் வேறு எப்படிச் சொல்வார்?

அம்மாவை எடுத்த பிறகு வந்து நின்றவளிடம் வாசலில் வைத்தே, "என் முகத்துல முழிக்காதே" என்றார். நீ பக்கத்தில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாய். ஆபீஸில் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்பது உனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அன்று வாயால் சொன்னார், வார்டில் கையால் சொன்னார். சொல்பேச்சு கேட்காதவள் என்று என்னைத்தான் எப்போதும் திட்டுவார். கடைசியில் கேட்டுவிட்டேன். அறையை ஒழிக்க நான் வரவில்லை. அதிலிருந்து எனக்கு எதுவும் வேண்டாம்.

நான் அழுகிறேனா என்று அண்ணி கேட்டதாக உன் மகன் சொன்னான். இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். லிஃப்டில் ஏறி மாடி எண்ணை அழுத்த மறந்து நிற்கிறேன். யாராவது வேறு மாடியில் கூப்பிட்டால் அது அங்கே போய்விடுகிறது. அங்கே இறங்கிப் படியில் நடந்து வருகிறேன். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு கன்னத்தைத் தொட்டால் அது வேறு யாருடைய கன்னம் போலவோ இருக்குமே, அப்படி இருக்கிறது. வலி எதுவும் இல்லை.

வேலையும் இருக்கிறது. அந்த வார்டில் இருந்ததும் எங்கள் நிறுவனம் மென்பொருள் எழுதும் திரைதான். நான் கவனிப்பது கம்பாசிட்டர் என்ற பகுதி, பல படங்களை அடுக்கி ஒரே திரையாகக் காட்டுவது. எங்கோ ஒரு மருத்துவமனையிலிருந்து, பேசுபவரின் படம் சில சமயம் ஒதுங்கிப் போகிறது என்று புகார் வந்திருக்கிறது. என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

விடுப்பு கிடைக்காதது எனக்குத் தெரியும். அப்பாவுக்கும் பிறகு புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. ஏதோ ஒரு துக்கத்தில் வாசலில் நின்று சொன்னதை நீ கல்வெட்டில் வெட்டி வைத்துக்கொண்டாய். நீயும் அவர் மகள்தானே.

நீ வரவில்லை என்றால் அறை அப்படியே இருக்கட்டும். ஏப்ரல் கடைசி வரை எனக்குப் பொறுமை உண்டு. முப்பது வருஷம் ஏழாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தவனுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

உன் வேலையைப் பற்றி உருப்படியாக நீ எழுதியது இதுதான் முதல் தடவை. எனக்குத் தெரிந்த கம்பாசிட்டர் அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவர். நம் பள்ளி வினாத்தாள் அடித்துக் கொடுத்தவர், எப்போதும் விரலில் மை. நீயும் அப்படித்தான் எதையோ கோர்த்துக்கொண்டிருக்கிறாய் என்று உன் அண்ணியிடம் சொன்னேன். அவள், "அப்போ அவளுக்கும் கை கறுத்திருக்குமா?" என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன், சரியா பார். வரைபடம் போடும்போது நான் டிரேசிங் தாள்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைப்பேன். அடியில் எல்லைக்கோடு, அதன் மேல் ஆறுகள், அதற்கும் மேல் ரயில் பாதை. மேலிருந்து பார்க்கிற பிள்ளைக்கு ஒரே படம். தாள்களை அடுக்கிப் பிடித்திருக்கும் கை யாருக்கும் தெரியாது. நீ பார்ப்பது அந்தக் கையின் வேலையா?

படம் ஒதுங்கினால் என்ன ஆகும் என்று எழுது.

உன் அண்ணன்


பிப்ரவரி 15

அண்ணாவுக்கு,

டிரேசிங் தாள் சரி. அந்தக் கைதான்.

ஒவ்வொரு தாளுக்கும் அது எங்கே தொடங்க வேண்டும், எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம் என்று ஒரு கணக்கு உண்டு. மருத்துவமனைத் திரை படுக்கைவாட்டில் இருந்தால் இடது பாதியில் நோயாளியின் விவரமும் பொத்தான்களும் வரும், வலது பாதியில் பேசுபவரின் முகம் வரும். அதே திரையைச் செங்குத்தாகத் திருப்பினால் முகம் மேலேயும் விவரம் கீழேயும் வர வேண்டும். திருப்பி வைத்துவிட்டு அழைத்தால் ஒழுங்காக வருகிறது. அதனால்தான் எங்கள் சோதனையில் இது சிக்கவே இல்லை. அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது திருப்பினால் மட்டும் தப்பாகிறது. முகத்தின் அளவு மாறிவிடுகிறது, அது தொடங்கும் இடம் பழைய வலது பாதியிலேயே நின்றுவிடுகிறது. நிமிர்ந்த திரைக்கு அவ்வளவு அகலம் கிடையாது. அதனால் முகம் வலது ஓரத்தைத் தாண்டி வெளியே போய்விடும். திரைக்குள் மிஞ்சுவது ஒரு கீற்று.

எங்களிடம் சோதனை பார்க்கும் ஒரு பெண் இருக்கிறாள். யார் கண்ணிலும் படாத தப்பெல்லாம் அவள் கண்ணில் படும் என்பதால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். அவள் பக்கத்து அறையில் அந்தத் திரையோடு உட்கார்ந்தாள். நான் என் மேஜையிலிருந்து அழைத்தேன். அவள் தன் திரையைத் திருப்பினாள். கேமரா திரையோடு சேர்ந்துதான் இருக்கிறது, அதனால் என் திரையில் அவள் ஒரு கணம் சாய்ந்தாள், உடனே நேரானாள். "உன்னைக் காணோம்" என்றாள். "காது மட்டும் தெரியுது. காதும் சுவரும்."

எனக்கு என் பக்கம் எந்தக் குறையும் தெரியவில்லை. அவள் முழுசாக இருந்தாள்.

அண்ணா, அன்று அப்பாவும் அப்படிச் சாய்ந்தார். "நான்தான்" என்று சொன்னவுடன். மயங்கி விழுகிறார் என்று நினைத்தேன். உடனே நேரானார், அதற்குப் பிறகுதான் கையைத் தூக்கினார். இத்தனை மாதம் இது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

அழைப்பின் நடுவில் யாராவது திரையைத் திருப்பினார்களா? அதை மட்டும் எழுது.

தங்கை


பிப்ரவரி 24

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே பெட்டி கட்டும் வேலை நடக்கிறது. பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றுகிறோம். நான் சுற்றுவதற்கு முன் செய்தியைப் படிக்க உட்கார்ந்துவிடுகிறேன் என்று உன் அண்ணி என்னைப் புத்தகப் பக்கம் விரட்டிவிட்டாள். புத்தகப் பக்கம் போனால் நான் இன்னும் மோசம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை வந்து ஃபேனைக் கழற்றுவதாகச் சொல்லியிருக்கிறான். புது வீட்டில் சமையலறை சின்னது, ஆனால் காற்று வருகிறது. எதிர்வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர், நல்ல மனிதர், காது கொஞ்சம் மந்தம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டே சாப்பிடாதே.

நீ கேட்டது எனக்குச் சரியாக நினைவில்லை.

உன் அண்ணன்


மார்ச் 4

அண்ணாவுக்கு,

எதிர்வீட்டுத் தபால்காரரின் காது வரைக்கும் எழுதியிருக்கிறாய். எந்த மாணவன் எந்த வருஷம் எந்தக் கணக்கில் தப்பு செய்தான் என்று இன்றைக்கும் சொல்கிறவன் நீ. நினைவில்லை என்று நீ எழுதினால் நினைவிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஆபீஸுக்கு இது தேவைப்படவில்லை. பிழை எங்கே என்று கண்டுபிடித்தாகிவிட்டது. திருத்தம் இரண்டு வரி. எங்கள் மேலாளரை நாங்கள் அவசரம் என்று கூப்பிடுவோம், எல்லாமே அவருக்கு அவசரம். இதை மட்டும் அவசரமில்லை என்கிறார், அடுத்த பெரிய வெளியீட்டோடு போகட்டுமாம். யார் அழைப்பின் நடுவில் திரையைத் திருப்பப் போகிறார்கள் என்கிறார்.

என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து நீ எதையும் மறைக்க வேண்டாம். என்ன கை அசைவு அது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

தங்கை


மார்ச் 13

அன்புள்ள தங்கைக்கு,

திருப்பினார்கள்.

சிஸ்டர் மருந்து பாட்டில் மாற்ற உள்ளே வந்தார். திரை அகலமாக நின்று வழியை மறித்தது. ஸ்டாண்டிலேயே அதைச் செங்குத்தாகத் திருப்பிவிட்டு, இடுக்கில் நுழைந்து பாட்டிலை மாட்டினார். நல்ல பெண், அவசரத்தில் இருந்தாள், எட்டுப் படுக்கைக்கு அவள் ஒருத்திதான். அவள் திருப்பிய பிறகுதான் அப்பா கையைத் தூக்கினார். உன் கேள்வியைப் படித்த அன்றே இது எனக்குத் தெளிவாக நினைவு வந்துவிட்டது.

ஏன் எழுதவில்லை என்றும் சொல்கிறேன். அவர் விரட்டினார் என்ற நினைப்பின் மேல்தான் நீ இத்தனை நாள் உட்கார்ந்திருக்கிறாய். அது நல்ல நாற்காலி இல்லை. கால் ஆடும், முள் குத்தும். ஆனாலும் உட்கார்ந்திருக்கிறவளின் அடியிலிருந்து அதை எப்படி இழுப்பது? நீ விழுந்தால் பிடிக்க நான் அங்கே இல்லை. அதனால் தபால்காரரைப் பற்றி எழுதினேன்.

ஆனால் எனக்கே நிச்சயமாகத் தெரிய வேண்டியிருந்தது. கை ஆடியது தெரியும், எதற்கு ஆடியது என்று யாரைக் கேட்பது? பழைய காலண்டர் அட்டையில் திரை அளவுக்கு ஒரு சன்னல் வெட்டினேன். உன்னுடைய படம் ஒன்றைப் பெரிதாக்கி வாங்கி வந்தேன். அப்பாவின் நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டு, எதிரே உன் அண்ணியை நிற்க வைத்தேன். அட்டையைப் படுக்கையாகப் பிடி, வலது பாதியில் என் தங்கை இருக்கட்டும், நான் தலையை ஆட்டியதும் படத்தை அசைக்காமல், என் இடப்பக்க ஓரம் நகராதபடி அட்டையை மட்டும் திருப்பு என்று சொன்னேன். எதற்கென்று சொல்லவில்லை. அப்பாவைப் போல நானும் வாய் திறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

அவள் திருப்பினாள். நீ போய்விட்டாய். ஓரத்தில் ஒரு காது, கொஞ்சம் முடி.

நான் யோசித்துக் கையைத் தூக்கவில்லை. அதுவே எழுந்தது. வெளியே போன உன்னை இந்தப் பக்கம் இழுப்பதற்காக, இப்படி வா, இப்படி வா என்று ஆட்டினேன். அவளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் இன்னும் வேகமாக ஆட்டினேன்.

உன் அண்ணி எதிரில் நின்று பார்த்துவிட்டு, "என்னங்க, ஈ ஓட்டுறீங்களா?" என்றாள்.

என்னால் கையை இறக்க முடியவில்லை. அவளுக்குப் பிறகு புரிந்துவிட்டது. அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு, "மாமா" என்று மட்டும் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு அது கூப்பிடுகிற கை. அந்தப் பக்கம் நின்றவளுக்கு விரட்டுகிற கை. நீ பார்த்ததும் பொய் இல்லை. கண்ணாடிக்கு வெளியே நின்ற நானும், உன்னைக் கூப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்ளவில்லையே. விரட்டுகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். விரட்டினாலும் உட்கார்ந்திருக்கக் கூடாதா என்று முதல் கடிதத்திலேயே கேட்டிருக்கிறேன், எடுத்துப் பார்.

ஒன்று மட்டும். அவர் கண் அகலமானது திரை திரும்புவதற்கு முன்பு. அப்போது உன் முகம் முழுதாக இருந்திருக்கும். நீயே எழுதிய கணக்குப்படி.

பதில் உடனே எழுத வேண்டாம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 6

அண்ணாவுக்கு,

படித்தேன். நீ பயந்த மாதிரி விழவில்லை. ஏதாவது ஆகும் என்று நானும் காத்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் குடித்தேன், துணியைக் காயப்போட்டேன், மறுநாள் ஆபீஸ் போனேன். லிஃப்டில் எண்ணைச் சரியாக அழுத்தினேன். விரட்டப்பட்டவள் என்றால் திருப்பிக் கோபப்படவாவது ஓர் ஆள் இருந்தார். இப்போது அவரும் இல்லை. அவர் கூப்பிட்டார், நான் வைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தை எடுத்து வைத்துப் பார்க்கிறேன், அது யாரைப் பற்றியதோ போல இருக்கிறது.

தப்பான வரியை எழுதியது யார் என்று பார்த்தேன். என் பெயராக இருந்தால் தேவலை என்று தோன்றியது. இல்லை. வேலையை விட்டுப் போய்விட்ட ஒரு பையன், நல்லவன். மதியம் டப்பாவைத் திறந்தால் எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவான். அவன்மேலும் கோபம் வரவில்லை.

அவசரத்திடம் போனேன். நம் வீட்டுக் கதையைச் சொல்லவில்லை. அவர் பழையபடி, "ஸ்டாண்டைத் திருப்பி வச்சா சரியாகிடுதே, அப்புறம் என்ன?" என்றார்.

"எழுந்து திருப்ப முடியாதவங்கதான் சார் அந்தக் கட்டில்ல இருக்காங்க" என்றேன்.

அவர் தன் பேனாவை மூடி வைத்தார். பிறகு, பெரிய வெளியீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், சோதனை முடிந்ததும் அனுப்பிவிடு என்றார். அனுப்பியாகிவிட்டது. எங்கள் திரை இருக்கிற எல்லா வார்டுக்கும் போய்விட்டது, அப்பா இருந்த வார்டுக்கும்.

கடைசிச் சோதனையில் பூதக்கண்ணாடி பக்கத்து அறையில் உட்கார்ந்தாள். நான் முகத்தைக் கிட்டே கொண்டுபோனேன். அவள் திருப்பினாள். என் திரையில் ஒரு கணம் சாய்ந்து நேரானாள். கையைத் தூக்கவில்லை. "முழுசா தெரியறே" என்றாள். பிறகு, "என்ன அப்படிப் பாக்கறே?" என்று கேட்டாள். சோதனை முடிந்ததே, வைக்கலாமே என்றாள். என்னால் முடியவில்லை. "நீ வை" என்றேன். அவள் வைத்தாள்.

திரை திரும்பும் முன் அப்பா என்னை எவ்வளவு நேரம் பார்த்தார் என்பது எங்கள் பதிவுகளில் இருக்கும். கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். கண் அகலமானது என்று நீ எழுதியிருக்கிறாய். அது போதுமா என்று தெரியவில்லை. வேறு இல்லை.

சனிக்கிழமை ரயிலில் வருகிறேன். அறையை ஒழிப்போம். ஸ்டேஷனுக்கு வராதே, எனக்கு வழி தெரியும். நான் அழாவிட்டால் அண்ணியைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். வந்தவுடன் எதுவும் கேட்காதே, எதற்கும் உதாரணம் சொல்லாதே.

எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார். நானாக எழுந்திருக்கிற வரைக்கும் என்னைப் பார்த்துக்கொண்டிரு.

தங்கை